கொதிக்கும் கார்டுகள்

விலை லட்சத்தைத் தாண்டுகிறது. கோடை 45 டிகிரியைத் தொடுகிறது. கம்ப்யூட்டர் விளையாட்டுப் பிரியர்களின் தூக்கத்தைக் கெடுக்கும் அந்தச் சிறிய எண்ணுக்கு உண்மையில் என்ன அர்த்தம்?

திரையின் நடுவே எதிரிகள் விழுந்துகொண்டிருக்கிறார்கள். விளையாடுபவரின் கண் அங்கே இல்லை. மேல் மூலையில் மின்னும் ஒரு சிறிய எண் மீதே இருக்கிறது. 78. 81. 84. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் கார்டின் வெப்பநிலை அது. தில்லியின் நேரு பிளேஸ், மும்பையின் லேமிங்டன் ரோடு, பெங்களூரின் எஸ்.பி. ரோடு, சென்னையின் ரிச்சி தெரு என்று கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கும் எந்தக் கடைவீதிக்குப் போனாலும் கோடையில் எழும் கேள்வி ஒன்றுதான்: கார்டு இந்தச் சூட்டைத் தாங்குமா?

கவலை நியாயமானது. என்விடியா நிறுவனம் 2022 அக்டோபரில் விற்பனைக்கு விட்ட ஆர்டிஎக்ஸ் 4090 கார்டுக்கு இந்தியாவில் அறிவித்த ஆரம்ப விலை ரூ. 1.55 லட்சம். 2025 ஜனவரியில் வந்த 5090-க்கு ரூ. 2.14 லட்சம். இவை வசதி படைத்தவர்களின் பொம்மைகள் என்று ஒதுக்கிவிட்டாலும், ஒரு கல்லூரி மாணவர் பெற்றோரிடம் மாதக்கணக்கில் மன்றாடி வாங்கும் 30,000 ரூபாய் கார்டு அந்தக் குடும்பத்துக்குச் சிறிய செலவல்ல. அது கருகினால் இன்னொன்று கிடைக்காது.

ஆனால் பயமும் செலவு வைக்கும். 80 டிகிரியைக் கண்டு மிரண்டு, நன்றாக ஓடும் கார்டைத் திருகாணி கழற்றித் திறந்து வாரண்டியை இழப்பவர்கள் ஒரு பக்கம். உண்மையான அபாயத்தைக் கவனிக்காமல் விட்டுவிடுபவர்கள் இன்னொரு பக்கம். எந்த எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்று தெரிந்துகொண்டால் இரண்டையும் தவிர்க்கலாம்.

ஆறு சதுர சென்டிமீட்டர் அடுப்பு

கிராபிக்ஸ் கார்டு உறிஞ்சும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியேறுகிறது. மின்விசிறி காற்றைத் தள்ளுகிறது, மோட்டார் தண்ணீரை மேலேற்றுகிறது. சில்லு கணக்குப் போடுகிறது. அந்தக் கணக்கின் மிச்சம் சூடு. ஜிடிஎக்ஸ் 1650 போன்ற எளிய கார்டுக்கு 75 வாட் போதும். ஆர்டிஎக்ஸ் 3060-க்கு 170 வாட். 4090-க்கு 450. 5090-க்கு 575.

இதில் சங்கடம் மொத்த வாட்டில் இல்லை, அது வெளிவரும் இடத்தில் இருக்கிறது. துணி தேய்க்கும் பெட்டி 1,000 வாட்டை உள்ளங்கையை விடப் பெரிய ஒரு தகட்டில் பரப்பிவிடுகிறது. 4090-ன் சில்லு சுமார் 6 சதுர சென்டிமீட்டர்தான். 450 வாட்டில் பெரும்பங்கு அந்தச் சின்னஞ்சிறு பரப்பிலிருந்து வெளியேறியாக வேண்டும். அதனால்தான் சில்லின் மேல் பசை, பசையின் மேல் செப்புத் தகடு, தகட்டிலிருந்து வெப்பக் குழாய்கள், குழாய்களைச் சுற்றி அலுமினியத் துடுப்புகள், அவற்றின் மேல் இரண்டு அல்லது மூன்று விசிறிகள் என்று இத்தனை ஏற்பாடு. கையில் எடுத்தால் செங்கல் போலக் கனக்கும் கார்டில் உண்மையான மின்னணு பாகம் ஒரு மெல்லிய பலகைதான். மற்றதெல்லாம் அதைக் குளிர்விக்கும் சாதனம்.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1996-ல் வந்து கம்ப்யூட்டர் விளையாட்டின் முகத்தையே மாற்றிய 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ கார்டில் விசிறியே கிடையாது. 2003-ல் என்விடியாவின் ஜிஃபோர்ஸ் எஃப்எக்ஸ் 5800 அல்ட்ரா போட்ட விசிறிச் சத்தத்துக்குத் தூசி உறிஞ்சும் இயந்திரம் என்று பட்டப்பெயரே விழுந்தது. 2010-ல் வந்த ஜிடிஎக்ஸ் 480, 250 வாட்டை விழுங்கியது. அதன் உச்ச வரம்பு 105 டிகிரி. அதில் முட்டை பொரிக்கலாம் என்று கேலி செய்தார்கள். இன்றைய பெரிய கார்டுகள் அதைப்போல் இரண்டு மடங்கு மின்சாரம் தின்றும் அந்த அளவுக்குச் சூடேறுவதில்லை. மாறியது குளிர்விக்கும் கலை.

எது சூடு, எது ஆபத்து?

முதலில் ஒரு விஷயம். மனித உடம்பை அளக்கும் கோலால் சில்லை அளக்கக் கூடாது. 80 டிகிரி தண்ணீரில் கை வைத்தால் வெந்துவிடும். சிலிக்கானுக்கு அது வேலை நேரத்துச் சூடு. தயாரிப்பாளர்கள் விதித்திருக்கும் உச்ச வரம்பைப் பார்த்தால் இது புரியும். ஜிடிஎக்ஸ் 1080-க்கு 94 டிகிரி. ஆர்டிஎக்ஸ் 3080-க்கு 93. 4090-க்கு 90.

விளையாட்டு மும்முரமாக நடக்கும்போது 60 முதல் 80 டிகிரிக்குள் இருந்தால் கார்டு ஆரோக்கியமாக இருக்கிறது. 80-லிருந்து 85 வரை போனாலும் ஆபத்தில்லை; காற்றோட்டத்தைச் சரிபார்க்கலாம் என்ற நினைவூட்டல், அவ்வளவே. 85-ஐத் தாண்டி வரம்பை ஒட்டியே மணிக்கணக்கில் ஓடினால் எங்கோ குறை இருக்கிறது என்று பொருள். சும்மா இருக்கும்போது 45, 50 டிகிரி காட்டினால் பதற வேண்டியதில்லை. பல கார்டுகளில் வேலை குறைவாக இருக்கும்போது விசிறி தானாகவே நின்றுவிடும். விசிறி சுற்றவில்லை என்று கார்டைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடுவது வீண் அலைச்சல்.

வரம்பைத் தொட்டால் என்ன ஆகும்? வெடிக்காது. கார்டு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். வேகம் குறைந்தால் மின்சாரம் குறையும், சூடும் இறங்கும். அப்படியும் ஏறிக்கொண்டே போனால் கம்ப்யூட்டர் தானாக அணைந்துவிடும். ஆக, சூடு முதலில் பறிப்பது கார்டின் உயிரை அல்ல, வேகத்தை. படம் திக்கித் திணறி நகர்வதுதான் முதல் அறிகுறி.

குழப்பத்துக்கு இன்னொரு காரணம், கார்டில் ஒன்றல்ல, மூன்று வெப்பநிலைகள் இருப்பது. ஒன்று சில்லின் பொதுவான சூடு. இரண்டாவது, சில்லிலேயே மிகச் சூடான புள்ளியின் அளவு. இதை ஹாட் ஸ்பாட் என்கிறார்கள். மூன்றாவது, நினைவகச் சில்லுகளின் சூடு. 2019-ல் ஏஎம்டி நிறுவனத்தின் ஆர்எக்ஸ் 5700 எக்ஸ்டி கார்டு 110 டிகிரி காட்டியதைப் பார்த்து வாங்கியவர்கள் அலறினார்கள். அது மிகச் சூடான புள்ளியின் அளவுதான், 110 வரை போவது எதிர்பார்த்ததே என்று ஏஎம்டி விளக்கம் கொடுக்க வேண்டியதாயிற்று. பழைய கார்டுகளில் இந்தப் புள்ளியை யாரும் தனியாகக் காட்டியதில்லை. அளவுகோல் கூர்மையானதும் பயமும் கூடிவிட்டது.

பொதுச் சூட்டுக்கும் ஹாட் ஸ்பாட்டுக்கும் 10 முதல் 20 டிகிரி வித்தியாசம் சாதாரணம். 30 டிகிரியைத் தாண்டினால் சில்லுக்கும் தகட்டுக்கும் நடுவே உள்ள பசை காய்ந்துவிட்டது அல்லது தகடு சரியாக அமரவில்லை என்று சந்தேகிக்கலாம். 3080, 3090 கார்டுகளில் இருக்கும் ஜிடிடிஆர்6எக்ஸ் நினைவகம் 110 டிகிரியை எட்டியதும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். முக்கியச் சில்லு 65 டிகிரியில் சொகுசாக இருக்கும்போதே நினைவகம் கொதித்துக்கொண்டிருக்கலாம். ஒரே ஒரு எண்ணைப் பார்த்து நிம்மதி அடைவதில் உள்ள ஆபத்து இதுதான்.

மே மாதக் கணக்கு

வெளிநாட்டு விமர்சகர்கள் கார்டுகளைச் சோதிப்பது பெரும்பாலும் 20, 25 டிகிரி அறைகளில். இந்தியாவில் கோடை அப்படி இருப்பதில்லை. சமவெளியில் 40 டிகிரியைத் தொட்டால்தான் வானிலைத் துறை அனல் அலை பற்றி யோசிக்கவே ஆரம்பிக்கும். ராஜஸ்தானின் பலோடியில் 2016 மே 19-ல் பதிவானது 51 டிகிரி.

காற்றால் குளிரும் எந்தக் கார்டும் அறைக் காற்றை விடக் குளிர்ச்சியாக முடியாது. அறையின் சூட்டுக்கு மேல் இத்தனை டிகிரி என்றுதான் அதன் கணக்கு. 24 டிகிரி அறையில் 70 காட்டும் கார்டு, 46 டிகிரி அதிகமாக ஓடுகிறது. அதே கார்டை, அதே விசிறி வேகத்தில், 38 டிகிரி மாடி அறையில் ஓட்டினால் 84. கார்டில் எந்தக் கோளாறும் இல்லை. ஜனவரியில் ஒழுங்காக இருந்தது மே மாதத்தில் கெட்டுவிட்டது என்று கடைக்கு வருபவர்களில் பலருக்கும் விடை இந்தக் கூட்டல் கணக்கில் இருக்கிறது. விசிறி வேகமாகச் சுற்றி இரண்டு மூன்று டிகிரியை மீட்கலாம். அதற்கு விலை சத்தம்.

கார்டும் அறையைச் சும்மா விடுவதில்லை. 450 வாட் கார்டு, கூடவே 150 வாட் பிராசஸர் என்றால் அறைக்குள் 600 வாட் ஹீட்டர் ஒன்று ஓடுவதாக அர்த்தம். ஒரு டன் ஏசி வெளியேற்றும் வெப்பம் சுமார் 3,500 வாட். அதில் ஆறில் ஒரு பங்கு கம்ப்யூட்டருக்கே போய்விடுகிறது. ஏசி இல்லாத, ஜன்னல் சாத்திய அறையில் மூன்று மணி நேரம் ஆடினால் மனிதர், கார்டு இருவருக்கும் மூச்சுத் திணறும். ஜன்னலைத் திறப்பது பைசா செலவில்லாத முதல் வைத்தியம்.

வட இந்திய வீடுகளில் தண்ணீர் ஊற்றும் ஏர் கூலர்தான் ஏழைகளின் ஏசி. வறண்ட காற்றில் அது அறையின் சூட்டை நன்றாகவே இறக்கும், கார்டுக்கும் நல்லது. ஆனால் அதைக் கம்ப்யூட்டரின் முகத்துக்கு நேராகத் திருப்பி வைப்பது விபரீதம். ஈரத் துளிகளும் தூசியும் சேர்ந்து உள்ளே போகும். மும்பை, சென்னை போன்ற கடலோர ஊர்களில் ஈரக் காற்றில் தூசி பசைபோல் ஒட்டிக்கொள்கிறது. உப்புக் காற்று நாளடைவில் உலோகத்தை அரிக்கவும் செய்யும்.

இன்னும் ஒரு வில்லன் உண்டு. கம்ப்யூட்டர் மேஜை. கேபினெட்டை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திவிடும்படி மரப்பெட்டி அறை வைத்த மேஜைகள் பல வீடுகளில் இருக்கின்றன. 65 வாட் ஆபீஸ் கம்ப்யூட்டர் காலத்துக்கு அது சரி. 300 வாட் கார்டுக்கு அது சவப்பெட்டி. வெளியேறிய சூடான காற்றையே கார்டு திரும்பத் திரும்பச் சுவாசிக்கிறது. தூசி படாமலிருக்க பிளாஸ்டிக் உறை மாட்டி, ஓடும்போதும் பாதி கழற்றாமல் விடுவதும் இதே ரகம்.

உண்மையில் கொல்வது எது?

கார்டுகளைக் கொன்ற பெரிய சம்பவங்களை எடுத்துப் பார்த்தால் ஒரு உண்மை புலப்படும். குற்றவாளி 80 டிகிரி அல்ல.

2008 ஜூலையில் என்விடியா, லேப்டாப் கிராபிக்ஸ் சில்லுகளில் ஏற்பட்ட பழுதுகளுக்காக 15 முதல் 20 கோடி டாலர் ஒதுக்குவதாக அறிவித்தது. சில்லைப் பொதியும் பொருள்களில் இருந்த பலவீனமே காரணம். அதற்கு ஒரு ஆண்டு முன்பு, 2007 ஜூலையில், மைக்ரோசாப்ட் நிறுவனம் எக்ஸ்பாக்ஸ் 360 விளையாட்டுப் பெட்டியின் சிவப்பு வளையக் கோளாறுக்காக 100 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியிருந்தது. சூடேறுவதும் ஆறுவதும் மாறி மாறி நடந்ததில் சில்லின் உள் இணைப்புகள் விரிசல் விட்டதாக 2021-ல் வெளியான ஆவணப்படத்தில் அந்நிறுவனத்தினரே விளக்கினார்கள். கம்பியை ஒரே பக்கமாக வளைத்து வைத்தால் ஒடியாது. முன்னும் பின்னும் மாற்றி மாற்றி வளைத்தால் ஒடியும். சில்லின் பற்றவைப்புகளும் அப்படித்தான். நிலையான 80-ஐ விட, தினம் பல முறை 30-க்கும் 90-க்கும் தாவுவதே கொடியது.

2010 மார்ச்சில் என்விடியா வெளியிட்ட 196.75 என்ற டிரைவர் மென்பொருள் சில கார்டுகளின் விசிறிக் கட்டுப்பாட்டைக் குழப்பியது. நிறுவனம் அவசரமாக அதைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு ஜூலையில் ஸ்டார்கிராஃப்ட் 2 வெளிவந்தபோது நடந்தது வேடிக்கை. ஆட்டம் நடக்கும்போது அல்ல, வெறும் மெனுத் திரையில் கார்டுகள் சூடேறின. வரைய அதிகம் எதுவும் இல்லாததால் கார்டு நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை அதே படத்தை வரைந்து தள்ளியது. வரம்பு கட்டும் வழியைத் தயாரிப்பாளர் பிளிசார்டு அறிவித்த பிறகே பிரச்சினை தீர்ந்தது.

2022 டிசம்பரில் வந்த ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 7900 எக்ஸ்டிஎக்ஸ் கார்டுகளில் சில 110 டிகிரியைத் தொட்டு முடங்கின. குளிர்விப்பானின் ஆவி அறைக்குள் போதிய தண்ணீர் இல்லாததுதான் காரணம் என்று 2023 ஜனவரியில் ஏஎம்டி ஒப்புக்கொண்டு, மாற்றித் தர முன்வந்தது. 4090 கார்டுகளில் உருகியதோ சில்லே அல்ல, மின் இணைப்புச் செருகி. உலகம் முழுவதும் சுமார் 50 புகார்கள் வந்ததாகவும், செருகி முழுவதும் உள்ளே போகாததே முக்கியக் காரணம் என்றும் 2022 நவம்பரில் என்விடியா சொன்னது. எந்த வெப்பமானியும் அந்த இடத்தைக் காட்டவில்லை. சொருகும்போது கடைசிவரை அழுத்தியிருக்கிறதா என்று கண்ணால் பார்ப்பதுதான் ஒரே பாதுகாப்பு.

பழைய கார்டு வாங்குபவர்களுக்கும் இதில் பாடம் உண்டு. 2022 செப்டம்பர் 15-ல் எத்தீரியம் தன் முறையை மாற்றிக்கொண்டு கார்டு வைத்து நாணயம் தோண்டுவதை ஒழித்ததும், இரவு பகலாக உழைத்த கார்டுகள் சந்தைக்குக் கொட்டின. அவற்றின் முக்கியச் சில்லு பெரும்பாலும் நிலையான சூட்டில் ஓடியதால் அதிகம் தேய்ந்திருக்காது. தேய்ந்தவை விசிறியின் பேரிங், காய்ந்த பசை, நினைவகத்தின் மேல் உள்ள பஞ்சுப் பட்டை. வாங்குவதற்கு முன் அரை மணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல்லி, மூன்று வெப்பநிலைகளையும் பார்த்து, விசிறியின் முனகலைக் காதால் கேட்பது ஆயிரக்கணக்கான ரூபாயை மிச்சப்படுத்தும்.

சின்னச் சின்ன வைத்தியம்

பார்க்க முடியாததைக் குளிர்விக்க முடியாது. 2020-க்குப் பிறகு வந்த விண்டோஸில் டாஸ்க் மேனேஜரே கார்டின் சூட்டைக் காட்டுகிறது. ஹாட் ஸ்பாட், நினைவகம் வேண்டுமானால் ஜிபியு-இசட், எச்டபிள்யூஇன்ஃபோ போன்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. சில புதிய கார்டுகள் ஹாட் ஸ்பாட்டைக் காட்டுவதில்லை.

அடுத்தது தூசி. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கேபினெட்டைத் திறந்து ப்ளோயரால் ஊத வேண்டும். அப்போது கார்டின் விசிறியை விரலால் பிடித்துக்கொள்வது அவசியம். காற்றின் வேகத்தில் கட்டுக்கடங்காமல் சுழன்றால் பேரிங் போய்விடும். கேபினெட்டின் முன்பக்கம் காற்றை உள்ளே இழுக்க இரண்டு விசிறி, பின்பக்கம் வெளியே தள்ள ஒன்று. இதற்கு ஆகும் செலவு கார்டு விலையில் சிறு பின்னம். பின்பக்கத்துக்கும் சுவருக்கும் இடையே ஒரு சாண் இடைவெளிக்குச் செலவே இல்லை.

மூன்றாவது, தேவைக்கு மேல் ஓட விடாமல் பிடிப்பது. நொடிக்கு 60 படம் மட்டுமே காட்டும் திரைக்குக் கார்டு 200 படம் வரைவதால் யாருக்கும் லாபமில்லை. விளையாட்டின் அமைப்பில் 60 என்று வரம்பு கட்டினால் சூடு சட்டென்று இறங்கும்.

நான்காவது, விவரம் தெரிந்தவர்கள் செய்வது: மின்னழுத்தத்தைக் குறைப்பது. சில்லு தின்னும் மின்சாரம் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அழுத்தத்தை 10 சதவீதம் குறைத்தால், வேகம் மாறாமலே, கணக்கிடும் சுற்றுகளின் மின்செலவு சுமார் 19 சதவீதம் குறையும். எல்லாச் சில்லுகளும் ஓட வேண்டும் என்பதற்காகத் தயாரிப்பாளர்கள் கொஞ்சம் தாராளமாகவே அழுத்தம் வைப்பதால் பல கார்டுகள் இதைத் தாங்கும். ஆட்டம் நடுவில் நின்றுபோனால் பழைய அளவுக்கே திருப்பிவிடலாம், கார்டுக்குச் சேதமில்லை.

பசை மாற்றுவது கடைசி வழி. ஹாட் ஸ்பாட் வித்தியாசம் பெரிதாகி, வாரண்டியும் முடிந்த கார்டுக்கு மட்டும் அது பொருந்தும். வாரண்டி இருந்தால் திறக்காமல் தயாரிப்பாளரிடம் கொடுப்பதே புத்திசாலித்தனம். திருகாணி மீது ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் கிழிந்தால் வாரண்டி போச்சு என்ற மிரட்டல் அமெரிக்காவில் சட்டப் பிரச்சினையாகிவிட்டது. 2024 ஜூலையில் அந்நாட்டின் வர்த்தக ஆணையம் இதற்காக மூன்று கம்ப்யூட்டர் பாக நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுது பார்க்கும் உரிமைக்கென ஒரு இணையதளத்தைத் தொடங்கியது. வாரண்டித் தகராறு என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. பில்லைப் பத்திரமாக வைத்திருப்பவருக்கே இவை உதவும்.

இவை எதற்கும் பொறியியல் பட்டம் தேவையில்லை. மரப்பெட்டியிலிருந்து கேபினெட்டை வெளியே எடுக்க ஒரு நிமிடம், தூசி ஊத அரை மணி நேரம், படங்களுக்கு வரம்பு கட்ட இரண்டு கிளிக். அதன் பிறகும் மே மாதப் பிற்பகலில் அந்த மூலையில் 82 என்று மின்னினால், மிரள வேண்டியதில்லை. கார்டு தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. கவனிக்க வேண்டியது நேற்று 72 காட்டியது, அதே ஆட்டத்தில், அதே அறையில், இன்று 88 காட்டினால்தான்.